மூன்றாவது ஸ்விட்ச்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் ஆடுகிறது. இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த தெரபி சென்டரில் கேட்க ஆள் இல்லை. இப்படி வாருங்கள், ஃபேனுக்குக் கீழே. உள்ளே கூட்டிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் அது சீக்கிரம் திறந்துவிடப் போவதில்லை.

முதல் தடவை, இல்லையா? பையைப் பார்த்தாலே தெரிகிறது. புதிதாக வருகிறவர்கள்தான் ஸ்கேன், ரிப்போர்ட், ஃபிளாஸ்க், மாற்றுத் துண்டு என்று கல்யாணத்துக்குக் கிளம்பினமாதிரி கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு வாரம் போகட்டும், நீங்களும் என்னைப் போல வெறும் சாவிக்கொத்தோடு வருவீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம்? இருங்கள், உள்ளே போகும்போதே பார்த்தேன், இடப்பக்கம். கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் வீட்டில் வலப்பக்கம். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் பேச்சையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். தலைக்குள் வயரிங் அப்படி. புத்தி அப்படியே இருக்கிறது, காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. சொல்ல மட்டும் வராது.

என் வீட்டுக்காரர் பேர் சென்னியப்பன். மோட்டார் பம்ப் கம்பெனியில் குவாலிட்டி. அடுத்தவன் செய்த பம்பில் என்ன குறை என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக வேலை. வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் பேச்சு என் இலாகா. டாக்டர் அவரிடம் கேட்டால்கூட நான்தான் சொல்லுவேன், இவருக்குக் காரம் ஒத்துக்காதுங்க, இவருக்குத் தூக்கம் கம்மிங்க என்று. அவர் தலையை ஆட்டிவிடுவார். அதில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை. நம்புங்கள், ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு பைத்தியம் மட்டும் உண்டு. எல்லா ஆம்பளைக்கும் ஒன்று இருக்கும், உங்கள் வீட்டில் கிரிக்கெட்டாக இருக்கும். எங்கள் வீட்டில் கடல். சிரிக்காதீர்கள். கோயம்புத்தூரில், சிங்காநல்லூரில், இரண்டாவது மாடியில், என் ஹாலில், நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்பு கலந்த தண்ணீர், அலை அடிக்க ஒரு பம்ப், மேலே எல்.இ.டி. லைட், உள்ளே பவளம். மோதிரத்தில் வைக்கிற பவளம் இல்லை, உயிருள்ளது, வளர்கிறது. "நம்ம கடல்ல ஒரு கல்லைத் தொட்டாலும் உள்ள வெச்சிருவாங்க, இது வெளிநாட்டுல பண்ணையில வளர்த்தது, பில்லோட வந்தது" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். அவர் பேசி நான் கேட்ட நீளமான வசனம் அதுதான்.

வாங்கிவந்தபோது என் சுண்டுவிரல் நுனி அளவு. ஒன்பது வருஷத்தில் கிளை கிளையாகப் பிரிந்து ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஆகிவிட்டது. நிறம்தான் காபிக்கொட்டை நிறம். இத்தனை பாடுபடுகிறீர்களே, பார்க்க ஒரு லட்சணமான நிறம் வேண்டாமா என்று கேட்பேன். நுனியில் பச்சை இருக்கிறது, கிட்டே வந்து பார் என்பார். எனக்கு எங்கே நேரம்? மகள் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டால்கூட முதலில் அதன் நலத்தைத்தான் விசாரிப்பாள், அப்புறம்தான் என்னை.

அந்த லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு திருகு. நீல வெளிச்சத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. வெள்ளையைக் கால்வாசிக்கு மேல் அவர் திருப்பி நான் பார்த்ததில்லை. தண்ணீர் தெறித்துத் தெறித்து லைட்டின் கண்ணாடியில் உப்பு காய்ந்து, வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். துடைத்துவிடட்டுமா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். தொடாதே என்பார். ஏன் என்று சொல்ல வாயெடுப்பார், அதற்குள் எனக்குக் குக்கர் விசில் அடித்துவிடும். அவர் கொஞ்சம் வேகமாகப் பேசுகிற ஆளாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

மாசி மாதம் ஒரு காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் சரிந்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. மத்தியானம் என் தங்கச்சி வந்து உட்காருவாள், நான் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவேன். தூங்குக்கா என்பாள். எனக்குக் கை சும்மா இருந்தால் பயம் வந்துவிடும். நான் குன்னூரில் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே சனிக்கிழமை சனிக்கிழமை ஜன்னல் துடைக்க வேண்டும். சிஸ்டர் வந்து கண்ணாடியில் விரலை வைத்து இழுப்பார், கீச்சென்று சத்தம் வந்தால்தான் சாப்பாட்டு மணி. வினிகரும் பழைய பேப்பரும் போதும், வேறு எதுவும் வேண்டாம். அந்தப் பத்தொன்பது நாளில் வீட்டில் நான் துடைக்காத கண்ணாடி இல்லை. ஒன்பது வருஷ உப்பை மூன்று மத்தியானத்தில் எடுத்தேன். விரலை இழுத்துப் பார்த்தேன். கீச்சென்றது.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து தொட்டிக்கு நேர் எதிரில் போட்டது யார் யோசனை? என் யோசனை. நாள் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாரா பாவம், அவர் கடலைப் பார்க்கட்டும் என்று. நோயாளி இருக்கிற இடம் இருட்டாக இருக்கலாமா? வெள்ளைத் திருகை முழுசாகத் திருப்பினேன். அவர் எட்டு மணி நேரம் போடுவார். நான் அவர் கண் விழித்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும் போட்டேன். பதினாலு மணி நேரம். ஹால் என்ன ஜொலிப்பு ஜொலித்தது தெரியுமா? பார்க்க வந்தவர்கள், நகைக்கடை மாதிரி இருக்குதுங்க என்றார்கள்.

ஒரு வாரத்தில் அந்தக் காபிக்கொட்டை நிறம் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் மணல் நிறம். அப்புறம் சந்தனம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பது வருஷ அழுக்கு என் கையில் போகிறது என்று. மூன்றாவது வாரம் சுத்த வெள்ளை, பல் மாதிரி. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அழகா இருக்கும்மா என்று அவளும் போட்டாள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். இறுக்கி. திறந்து என்னைப் பார்ப்பார், திரும்ப மூடுவார். ஒரு நாளைக்கு இருபது தடவை. நான் என்ன நினைப்பேன்? என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதானே நினைப்பேன்? இருபத்தாறு வருஷம் சமைத்துப் போட்டு, இப்போது குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு... உங்களுக்கும் ஆத்திரம் வரும். வரவில்லை என்று சொல்லாதீர்கள், எல்லாருக்கும் வரும், வெளியில் சொல்ல மாட்டார்கள். என் மூஞ்சியப் பாக்காம எங்க போவீங்க என்று கேட்டேன். கேட்டேன்தான். இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே ஹெப்சிபா என்று ஒரு பெண் இருக்கிறாள், பார்த்திருப்பீர்கள், ஒல்லியாக, வாட்சை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். பேச்சுப் பயிற்சி அவள்தான். எனக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறாள். அங்கிள்கிட்ட ஒண்ணு கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க ஆன்ட்டி, அப்புறமா வாயத் திறங்க என்றாள். எனக்கு நாலுக்கு மேல் போகவில்லை. நாலுக்குள் எனக்கே பதில் தெரிந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு மீதி ஆறு?

அவள்தான் படம் எடுத்துவரச் சொன்னாள். வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்துப் போஸ்ட்கார்டு அளவுக்குப் போட்டு அட்டையில் ஒட்டுங்கள், என்ன வேண்டுமோ அதை இடது கை விரலால் தொட்டுக் காட்டுவார் என்று. ஒரே நாளில் செய்தேன். காபி டம்ளர், தண்ணீர்ச் சொம்பு, சாப்பாட்டுத் தட்டு, பெட்பேன், தலையணை, டிவி, மகள், நான், கடைசியில் ஹால் ஸ்விட்ச் போர்டு. ஒவ்வொன்றின் கீழும் பேர் எழுதினேன், என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஃபேன் என்று எழுதினேன். தொட்டியைப் படம் எடுக்கவில்லை. தொட்டிக்கு எதிரிலேயே படுத்திருக்கிறவருக்கு அதன் படம் எதற்கு?

முதல் நாளே விரலை ஸ்விட்ச் போர்டு படத்தில் வைத்தார். எனக்கு ஒரே பூரிப்பு. ஓடிப்போய் ஃபேனைக் கூட்டினேன். திரும்ப அதே படம். குறைத்தேன். திரும்ப அதே. நிறுத்தினேன். பங்குனி வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறிக்கொண்டு நின்றேன். திரும்ப அதே. பத்து நாள். காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மகள் வேண்டாம், ஃபேன், ஃபேன், ஃபேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஃபேனுக்குப் புது கண்டென்சர் போட்டேன். அன்றைக்கு அந்த அட்டையை மார்பில் வைத்துக்கொண்டு அழுதார். ஆம்பளை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபேனுக்கு யாராவது அழுவாங்களா என்று அதட்டினேன். மூளையில் இன்னும் வீக்கம் இருக்கும் போல என்று டாக்டருக்கு ஃபோன் போட்டேன். உங்கள் வீட்டுக்காரர் அழுகிறாரா? அழுதால்...

என்ன? அண்ணனா? உங்கள் அண்ணனா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு வீட்டுக்காரர் வீட்டுக்காரர் என்று... சரி, யாராக இருந்தால் என்ன, கவனித்துக்கொள்வது ஒன்றுதான்.

எங்கே விட்டேன்? இவர் அழுததில். அப்புறம் கமாலுதீன் பாய். உக்கடத்தில் மீன் கடை வைத்திருக்கிறார், சமைக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். தொட்டிக்கு உப்பு அவரிடம்தான் வாங்குவது. இவருக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு மூட்டை உப்பும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. நேரே போய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வெள்ளைத் திருகைத் திருப்பி அணைத்தார். நீலத்தைக் குறைத்தார். ஹால் சினிமா தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்தை அதற்கு முன்னால் கேட்டதில்லை. இவர் இடது கையை நீட்டி பாயின் சட்டையைப் பிடித்துவிட்டார். விடவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் ஒரு முகம்.

நான் விடுவேனா? நோயாளி இருக்கிற வீட்டில் வந்து லைட்டை அணைக்கிறீர்களே, நான் கஷ்டப்பட்டுத் துடைத்து வைத்தால்... என்று ஆரம்பித்தேன். பாய் நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. பவளத்துக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அந்தக் காபிக்கொட்டை நிறம் அந்தப் பாசியின் நிறம்தானாம். அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைத்தான் பவளம் சாப்பிடுகிறதாம். திடீரென்று வெளிச்சம் ஏறினால் தாங்க முடியாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் தோல் வழியாக எலும்பு தெரியும். நான் நகைக்கடை என்று காட்டிக்கொண்டிருந்தது எலும்பு.

"புது லைட்டு போட்டாலே கம்மியா வெச்சு, வாரா வாரம் துளித்துளியா ஏத்தணுங்க்கா. கண்ணாடிய வழிச்சுத் துடைக்கறதும் புது லைட்டு போடற மாதிரிதான். நாலு மாசத்துல காட்ட வேண்டிய வெளிச்சத்த நீங்க ஒரே நாள்ல காட்டிட்டீங்க."

பாசி என்றால் அழுக்குத்தானே என்றேன். பாய் இவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணா, இதத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? எனக்கே நாக்கு துறுதுறுத்தது. இவர் மெதுவாக அட்டையை இழுத்து, விரலை வைத்தார். எங்கே? ஸ்விட்ச் போர்டில்.

பார்த்தீர்களா, திரும்ப ஃபேன் என்றேன்.

"இதுல ஃபேன் ஸ்விட்ச் எதுங்க்கா?"

முதலாவது என்றேன்.

"அண்ணன் விரல் எதுமேல இருக்குது, பாருங்க."

மூன்றாவது. மூன்றாவது, தொட்டி லைட். பத்து நாளும் மூன்றாவதில்தான் வைத்திருக்கிறார். நான் எந்தப் படம் என்று பார்த்தேனே தவிர, படத்தில் எங்கே என்று பார்க்கவில்லை. நான்தான் கீழே ஃபேன் என்று எழுதிவிட்டேனே.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம். அவர்மேல். நகத்தால் இரண்டு தட்டு தட்டியிருந்தால் குனிந்து பார்த்திருக்க மாட்டேனா? பாய் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், ஒழுங்கா காட்டத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை மூடியது லைட்டுக்காக இல்லை.

பாய் என்னிடம் கொசுவலை கேட்டார். பழைய வலையை வெட்டி நாலாக மடித்து லைட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரித்துக் கட்டினார். வாரத்துக்கு ஒரு மடிப்பு எடுங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள், வெள்ளைத் திருகைத் தொடவே தொடாதீர்கள், ராத்திரி தண்ணீரில் இந்தத் தீனித் தூளைக் கரைத்து நாலு சொட்டு விடுங்கள் என்றார். செத்துவிட்டதா என்று கேட்டேன்.

"வெள்ளையா இருந்தா செத்துருச்சுன்னு அர்த்தம் இல்லீங்க்கா. பட்டினி கிடக்குது. உள்ள பாசி திரும்ப வந்து குடியேறினா, மெல்லப் பழுப்பு திரும்பும், பொழச்சுக்கும். மேல வேற பாசி படர்ந்துச்சுன்னா முடிஞ்சுது."

அதுவரைக்கும் நான் என்ன செய்யட்டும் என்றேன். ஒண்ணும் செய்யாதீங்க என்றார்.

ஒன்றும் செய்யாதீர்கள். என்னிடம் சொல்கிறார்.

ஐந்து வாரம் ஆகிறது. நீல இருட்டில் நானும் அவரும் உட்கார்ந்திருக்கிறோம். துடைக்கக் கூடாது, திருப்பக் கூடாது, கை விடக் கூடாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கட்டிலில் இருந்து அவர் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டாள். இப்போது வலையில் கடைசி மடிப்பையும் எடுத்தாயிற்று. நான்கு நாளைக்கு முன்னால் ஒரு கிளையின் நுனியில் ஒரு நிறம் பார்த்தேன். வேட்டியில் டீ சிந்தித் துவைத்தபிறகு நிற்குமே, அந்த மாதிரி. அது உள்ளே இருந்து திரும்பி வருகிற பழுப்பா, மேலே படர்கிற பாசியா? கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். பாய்க்குப் படம் அனுப்பினேன். அவர் தன் மகள் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருக்கிறார், படத்துல எல்லாம் நீலமா இருக்குதுங்க்கா, நேர்ல பாத்தாத்தான் தெரியும், பத்து நாள்ல வந்துடறேன் என்றார்.

தெரிந்த ஆள் எதிரிலேயே படுத்திருக்கிறார். ஒன்பது வருஷம் அதை பொத்திப் பொத்தி வளர்த்தவர், ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அட்டையை நீட்டினேன். பாய் வந்துபோன நாளிலிருந்து அவர் அந்த அட்டையைத் தொடுவதில்லை. கையை மடக்கி மார்பில் வைத்துக்கொள்கிறார். பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். புதிதாகப் படம் எடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். போன வியாழக்கிழமை அவருக்கு ஒரு வார்த்தை வந்துவிட்டது. ஹெப்சிபா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். ஒரே வார்த்தை. தெளிவாக, பழைய குரலில், "இல்லை" என்று. முதலில் வருகிற வார்த்தை இப்படி ஒட்டிக்கொள்ளுமாம், ஆமாம் என்று சொல்ல நினைத்தாலும் அதுவேதான் வெளியே வருமாம். வீட்டுக்குப் போய்க் காபி வேணுமா என்றேன். இல்லை என்றார். டம்ளரைத் திருப்பிக்கொண்டு போனால் வாயைத் திறந்து காத்திருக்கிறார். வலிக்கிறதா, இல்லை. தூங்கலாமா, இல்லை. நான் வசந்தாமணிதானே? இல்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் தலை சீவிவிட்டு, சட்டை மாட்டிவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எதிரில் அது இருக்கிறது. வெள்ளையாக, அந்த நுனியில் மட்டும் அந்த நிறத்தோடு. அவர் கண்ணை மூடவில்லை, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அதுக்கு உயிர் இருக்குதா?"

பத்து எண்ணினேன். முழுசாக எண்ணினேன்.

"இல்லை."

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப எண்ணினேன். பத்துக்கு மேலும் போனேன், எவ்வளவு என்று தெரியவில்லை.

"அப்ப, செத்துப்போச்சுங்களா?"

"இல்லை."

இரண்டுக்கும் ஒரே குரல். முகத்தைப் பார்த்தேன், இரண்டுக்கும் ஒரே முகம். நீங்களாக இருந்தால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? சொல்லாதீர்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, சாகல, அப்படித்தானே சொல்றீங்க?" என்றேன்.

அதற்கும் அவர் அதையேதான் சொன்னார்.